துப்பாக்கிக் குழலும் நுரையீரலும்

1/ 200 வருஷம் முன்னாடி அமெரிக்காவுல துப்பாக்கிக் குழலோட வெளிப்பக்கத்தை எப்படி வழவழப்பாக்கினாங்க தெரியுமா? சுழலும் பெரிய மணற்கல் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். கல் சில நேரம் உடைந்து சிதறும். அதைவிட மோசம், பறக்கிற தூசி.

2/ மணற்கல் தூசியில் இருப்பது சிலிக்கா. மூச்சோட உள்ளே போய் நுரையீரலைத் தழும்பாக்கிடும். பேரு சிலிக்கோசிஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி, முள்கரண்டி சாணை பிடிச்சவங்களையும் இதுதான் சின்ன வயசுலயே கொன்னுச்சு.

3/ மாசசூசெட்ஸ் மாநிலம் மில்பரியில் துப்பாக்கி செய்த ஆசா வாட்டர்ஸ், குழலை லேத்தில் கடைந்து பார்த்தார். உருண்டையான பகுதி சரியா வந்துச்சு. பின்முனையில பட்டையும் நீள்வட்டமும் இருக்கும். அங்கதான் மாட்டிக்கிட்டார்.

4/ 1818 வாக்கில் தாமஸ் பிளான்சார்டைக் கூப்பிட்டார். குழல் சுத்த சுத்த வெட்டும் உளி அந்த வடிவத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் போற மாதிரி ஒரு கேம் மாட்டினார் அவர். வேலை முடிஞ்சது! துப்பாக்கிக் கட்டையையே கடையும் அவரது புகழ்பெற்ற லேத்துக்கும் இதுதான் விதை.

5/ லேத்தில் வர்றது இரும்புச் சீவல். தரையில விழும், நுரையீரலுக்குப் போகாது.

6/ சிலிக்கோசிஸ் தழும்பை ஆற்றும் மருந்து இன்னைக்கும் இல்லை. தூசியைத் தடுப்பதே வைத்தியம். கல் உடைக்கிற, அறுக்கிற வேலை பார்க்கிறவங்களுக்கு இருமல் விடலையா? டாக்டர்கிட்ட முதல்ல உங்க வேலையைச் சொல்லுங்க.