துண்டுப் பிரசுரத்திலிருந்து தைப்பூச மண்டபத்துக்கு: நெல்லையில் இணங்கவைக்கும் மொழி வளர்ந்த வரலாறு

1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் தீக்கிரையாயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். முந்தின நாள் சுதேசி இயக்கத் தலைவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதே உடனடிக் காரணம். தூத்துக்குடியிலும் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்திலும் அவர்கள் ஆற்றிய உரைகளை ‘அனல் பறக்கும் பேச்சு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தப் பேச்சுமுறை எங்கே உருவானது என்று கேட்பதில்லை. மிஷன் துண்டுப் பிரசுரங்களில் உருவாகி, அவற்றை மறுத்த சைவர் கைக்கு மாறி, அதன் பிறகே அது அரசியல் மேடை ஏறியது என்பது என் வாதம். புராட்டஸ்டண்டுப் பிரசங்கத்துக்கும் தமிழ் மேடைப் பேச்சுக்கும் உள்ள உறவைப் பெர்னார்ட் பேட் தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதே உறவை வாசகர் பக்கமிருந்து பார்ப்பதே இங்கே நோக்கம்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1838இல் இறக்கும்வரை தமிழ் உரைநடையில் ஓயாது உழைத்தார். அவர் வேதாகமத் தமிழைத் திருத்தியபோது, ஃபப்ரீஷியஸின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ஊறியிருந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரி கடுமையாக எதிர்த்தார். பழைய நடை ஏற்கெனவே நம்பியவர்களுக்குப் புனிதமானது. ரேனியஸோ நம்பாதவர்களை மனத்தில் வைத்து எழுதினார். நம்பாதவரை நோக்கி எழுதுபவர் சொற்களைப் பிரித்து எழுத வேண்டும், வாக்கியத்தைச் சுருக்க வேண்டும், ‘நீங்கள்’ என்று நேரே விளிக்க வேண்டும், அவர் கேட்கக்கூடிய கேள்வியைத் தாமே எழுப்பி விடை சொல்ல வேண்டும். ஒருவர் படிக்கப் பலர் கேட்ட காலம் அது. ஆகவே இந்த நடை காதுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டியிருந்தது. இதன் விளைவை மதம் மாறியவர்களின் தொகையால் மட்டும் அளப்பது போதாது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் வாசகரை உட்காரவைத்ததுதான் இதன் பெரிய விளைவு. அந்த இடத்தில் அமர்ந்தவர் மறுத்தும் பேசலாம். 1840களில் திருநெல்வேலியில் இந்துக்களின் விபூதிச் சங்கம் மிஷனுக்கு எதிராகத் திரண்டது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1880களில் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் சைவ சபைகள் எழுந்தன. எதிரியின் கருவியை எடுத்தாள்வது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

புராணப் பிரசங்கமும் வில்லுப்பாட்டும் முன்பே கூட்டத்தைக் கட்டிப்போட்டனவே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் கதையையும் தெய்வத்தையும் ஏற்றவர்களிடமே அவை பேசின. கேட்பவர் அழுதார், உருகினார், தம் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. கரையிருப்பில் பிறந்த எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ இங்கே நல்ல ஒப்பீடு. கம்பனின் வழியில் நடக்கும் அந்த அரிய காப்பியம் தமிழ் கற்றவர்களின் உள்ளத்தைத் தொட்டது. எழுத்தறியாத ஆலைத் தொழிலாளியை எட்ட அதனால் இயலவில்லை.

வ.உ.சி. தூத்துக்குடியில் மிஷன் பள்ளிகளில் படித்தவர். சைவ சித்தாந்தத்தில் தோய்ந்து 1935இல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டவர். இரு மரபுகளும் அவரிடம் கூடின. கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் உறுதியாக நின்றால் வெள்ளையர் ஆலைகள் நிலைக்கா என்று சிவா பேசியதாகப் பதிவு உண்டு. அதில் வசை இல்லை, நிபந்தனையும் முடிவும் கொண்ட தர்க்கமே இருக்கிறது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இந்தப் பேச்சுப் பதிவுகள் போலீஸார் எழுதியவை, குற்றம் நாட்டும் நோக்கம் கொண்டவை என்பதை மறக்கக் கூடாது. சொல்லுக்குச் சொல் அவற்றை நம்பும்படி நான் சொல்லவில்லை. ஆயினும் வழக்குக்காகத் திரித்திருந்தால் ஆத்திரமூட்டும் சொற்களையே கூட்டியிருப்பார்கள், தர்க்கத்தைக் கூட்டியிருக்க மாட்டார்கள். குறைந்த கூலியே வேலைநிறுத்தத்துக்குப் போதுமான காரணம், பேச்சுக்கு அதில் பங்கில்லை என்போரும் உண்டு. கூலி அதற்கு முன்பும் குறைவாகவே இருந்தது. அந்தத் துயரத்தை யாரிடம், எதற்காக, எப்படி முறையிடுவது என்று எண்ணிப் பார்க்கும் நிலைக்குத் தொழிலாளரைக் கொண்டுவந்தவை மேடையில் கேட்ட கேள்விகள். அரசும் இதை உணர்ந்திருந்தது. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, ராஜத்துரோகப் பேச்சுக்காக வ.உ.சி.க்கு ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். உயர் நீதிமன்றம் பின்னர் தண்டனையைக் குறைத்தது.