விருப்பாச்சி கோபால் நாயக்கரும் 1800–1801 போரும்: இரு தரப்புச் சான்றுகளை வாசிக்கும் முறை

திண்டுக்கல் நகரிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையில் உள்ளது விருப்பாச்சி. இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாளையத்தின் தலைவர் கோபால் நாயக்கர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய இவர் 1801 செப்டம்பர் 5 அன்று திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். இன்று விடுதலைப் போராட்ட வீரராகப் போற்றப்படும் இவரைக் கம்பெனியின் ஆவணங்கள் ‘கலகக்காரர்’ என்றே குறிப்பிடுகின்றன. இவ்விரு பார்வைகளும் எங்கிருந்து வந்தன, மூலச்சான்றுகளை எவ்வாறு வாசித்தால் இரண்டையும் புரிந்துகொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

போரின் பின்னணி

திண்டுக்கல் சீமை ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் மைசூருடன் இணைந்திருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1790-இல் திண்டுக்கல் கோட்டையைக் கம்பெனிப் படை கைப்பற்றியது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி இப்பகுதி முறைப்படி கம்பெனி வசமானது. அதன்பின் கலெக்டர்கள் நியமிக்கப்பட்டனர். பாளையக்காரர் செலுத்த வேண்டிய தொகையும் காவல் உரிமையும் பாளைய எல்லைகளும் கலெக்டர் கச்சேரியின் கணக்குகளுக்கு உட்பட்டன.

1799 மே மாதம் திப்பு போரில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இதன் பிறகு விருப்பாச்சி, சிவகங்கை, கொங்கு நாடு, மலபார், மைசூர்ப் பகுதிகளின் எதிர்ப்பாளர்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொண்டனர். 1800 ஜூன் 3 அன்று கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் முயற்சி தோல்வியடைந்தது. 1801-இல் கம்பெனிப் படை விருப்பாச்சியைக் கைப்பற்றியது. கோபால் நாயக்கரும் பிடிபட்டார்.

பெயரிலேயே தொடங்கும் வேறுபாடு

கம்பெனிக் குறிப்புகளில் இப்போர் ‘இரண்டாம் பாளையக்காரர் போர்’ எனப்படுகிறது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதையே ‘தென்னிந்தியக் கிளர்ச்சி’ என்றும் ‘முதல் விடுதலைப் போர்’ என்றும் அழைத்தார். முதற்பெயர் அடங்க மறுத்த சில குறுநிலத் தலைவர்களின் பூசலை நினைவூட்டுகிறது. அடுத்த பெயர் ஒரு பெரும் நிலப்பரப்பின் எழுச்சியைக் காட்டுகிறது. ஒரு போரைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் மாணவர், அதற்குப் பெயரிட்டவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

எதிர்ப்பாளர் தரப்பு: திருச்சிராப்பள்ளிப் பிரகடனம்

எதிர்ப்பாளரின் நோக்கத்தை நேரடியாகச் சொல்லும் முதன்மையான சான்று, மருது பாண்டியர் பெயரில் 1801 ஜூன் 16 அன்று வெளியான அறிவிப்பு. இது திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாப் மாளிகை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நாவலந்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் அது விளித்துப் பேசுகிறது. ஆர்க்காட்டு நவாப் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததையும், மக்களிடையே ஒற்றுமை இல்லாததையும், அதனால் வந்த வறுமையையும் எடுத்துக்கூறி ஆயுதம் ஏந்த அழைக்கிறது.

இந்த அறிவிப்பு கம்பெனியிடம் வேலை செய்யும் சிப்பாய்களையும் அழைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. எதிரிப் படையின் பெரும்பகுதி இந்நாட்டவரே என்பதை எழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டையபுரம் பாளையக்காரரும் கம்பெனிக்குத் துணை நின்றனர். ஆகவே ‘ஆங்கிலேயர் ஒருபுறம், தமிழர் ஒருபுறம்’ என்று இப்போரைச் சுருக்கிவிட முடியாது. ஒற்றுமை வேண்டும் என்று அறிவிப்பு வலியுறுத்துவதே, அந்த ஒற்றுமை அப்போது முழுமையாக இல்லை என்பதற்குச் சான்று.

இந்த அறிவிப்பு ஆங்கில மொழிபெயர்ப்பாகக் கம்பெனிக் கோப்புகளில் சேர்ந்ததால்தான் பாதுகாக்கப்பட்டது. அதாவது, எதிர்ப்பாளரின் குரல் எதிரியின் எழுத்தர் கை வழியாக நமக்கு வருகிறது. எனவே அதன் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரிய முடிவுக்கு வருவது பாதுகாப்பானதன்று.

கம்பெனித் தரப்பு: மூன்று வகை ஆவணங்கள்

கம்பெனியின் சான்றுகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல.

முதல் வகை, பொது அறிவிப்புகள். சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதை அது தடை செய்தது. பணிந்து வருவோருக்கு மன்னிப்பும் பாதுகாப்பும் உறுதியளித்தது. இதில் கம்பெனி தன்னை அமைதியை நிலைநாட்டும் அரசாகக் காட்டிக்கொள்கிறது. அதே ஆண்டு ஜூலை 31 அன்றுதான் கர்நாடகப் பகுதியின் ஆட்சி நவாபிடமிருந்து கம்பெனிக்கு மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமைதி பற்றிய பேச்சும் நாட்டைக் கைக்கொள்ளும் நடவடிக்கையும் ஒன்றாகவே நடந்தன.

இரண்டாம் வகை, அலுவலகக் கடிதங்களும் வருவாய்க் குறிப்புகளும். இவை மக்களின் பார்வைக்காக எழுதப்படவில்லை, மேலதிகாரிக்காக எழுதப்பட்டன. ஆகவே அறிவிப்பில் மறைக்கப்பட்ட அச்சமும் பணக் கணக்கும் இவற்றில் வெளிப்படும். ஆனால் தம் செயலை நியாயப்படுத்தும் தேவை எழுதிய அலுவலருக்கும் உண்டு. இத்தகைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

மூன்றாம் வகை, நினைவுக் குறிப்புகள். இப்போரில் கம்பெனிப் படை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் இராணுவ நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டார். சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று அவர் எழுதுகிறார். நாடுகடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகனைப் பின்னாளில் பினாங்கில் நோயுற்ற நிலையில் கண்டதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறார். அரசுக் கோப்பில் ‘கலகக்காரர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிய மனிதர், அதே படையைச் சேர்ந்த ஒருவரின் நூலில் நண்பராகத் தெரிகிறார். ஆயினும் இந்நூல் போர் முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. ஆட்சி உறுதிப்பட்டபின் தோற்றவரைப் பாராட்டுவது எளிது என்பதையும் மறக்கக் கூடாது.

மக்கள் நினைவு

சிவகங்கைச் சரித்திரக் கும்மி, அம்மானை போன்ற பாடல்களும், ஊர் மக்கள் சொல்லும் செய்திகளும் வேறொரு வகைச் சான்று. திண்டுக்கல்லில் உள்ள கோபாலசமுத்திரம் குளத்தின் பெயரைக் கோபால் நாயக்கரின் மரணத்தோடு இணைத்துச் சொல்வது இங்குள்ள வழக்கம். இத்தகைய வழக்குகளிலிருந்து நாளையும் எண்ணிக்கையையும் எடுப்பது சரியாகாது. தூக்கிலிடப்பட்ட ஒருவரை மக்கள் எப்படி நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு இவையே நேரடிச் சான்று. அந்தச் செய்தி அரசுக் கோப்பில் கிடைக்காது.

சான்றுகளை ஒப்பிடும் முறை

ஒவ்வொரு சான்றையும் பார்த்து நான்கு கேள்விகள் கேட்கலாம். எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலத்துக்குப் பின் எழுதினார்? அதை நாம் நம்பினால் அவருக்கு என்ன பயன்?

அதன்பின் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடங்களைத் தேட வேண்டும். எதிர்ப்பு பல சீமைகளில் பரவியிருந்தது என்பதில் அறிவிப்பும் கம்பெனிக் கடிதங்களும் ஒத்துப்போகின்றன. இங்கும் எச்சரிக்கை தேவை. ஆதரவு திரட்ட எதிர்ப்பாளரும், கடும் நடவடிக்கையை நியாயப்படுத்தக் கம்பெனியும் அதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம். ஆகவே வாய்ச்சொல்லை நடந்த செயல்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் முதல் காளையார்கோயில் வரை நடந்த மோதல்களும், டிசம்பர் அறிவிப்பின் ஆயுதத் தடையும், 1802-இல் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் கதையும் எதிர்ப்பு பரந்திருந்தது என்பதை உறுதிப்படுத்துகின்றன.

இரு தரப்பையும் வாசிப்பது என்றால் இருவருக்கும் சம அளவு நியாயம் வழங்கித் தீர்ப்பை நடுவில் வைப்பது என்று பொருளல்ல. கோபால் நாயக்கர் சட்டத்தை மீறினார் என்று கம்பெனி சொன்னது. அந்தச் சட்டத்தைத் திண்டுக்கல் சீமையில் யார், எந்த ஆண்டில், எந்த உரிமையில் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், விடை கம்பெனியின் ஆவணங்களிலேயே இருக்கிறது. பாளையக்காரர் எல்லோரும் ஒரே நோக்கத்துடன் திரண்டனர் என்று நாம் சொல்ல விரும்பினால், மருது பாண்டியர் பெயரில் வந்த அறிவிப்பே அதைத் திருத்துகிறது.