பரம்பரைத் தேடல் (இங்கிலாந்து, வேல்ஸ்)

இங்கிலாந்து, வேல்ஸ் குடும்பங்களின் முன்னோரைப் பழைய பதிவேடுகள் வழியே கண்டறியும் முறை. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியும் வழக்கம் 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலய ஏடுகளே துணை.

தேடலுக்கு முதுகெலும்பு திருமணச் சான்றிதழ்தான். மணமக்களின் வயது, தொழில், முகவரியோடு இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும்; ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இட்ட பெருக்கல் குறியைப் பார்க்கையில் அந்த மனிதரே எதிரில் நிற்பதுபோல் இருக்கும். தாயின் பெயருக்கோ 2021 வரை அதில் இடமில்லை. பெரிய அநீதி அது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர்வாரி விவரம் 1841 முதல் கிடைக்கிறது. அவ்வாண்டு 15 வயதைத் தாண்டியோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் ஏட்டில் 30 ஆனார். பிறந்த ஊரும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் 1851இல்தான் சேர்ந்தன. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீக்கிரையாயின. போரால் 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

முதல் உலகப் போர் வீரர்களின் பணிக்கோப்புகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கில் குண்டு விழுந்து பெரும்பகுதி எரிந்துபோனது. மிஞ்சியவற்றில் ஓரம் கருகி, தீயணைத்த நீரில் மை கலைந்த தாள்கள் உண்டு. கோப்பு கிடைக்காதோர் பதக்கப் பட்டியல் அட்டைகளைப் பார்க்கலாம். பெயர், படைப்பிரிவு, படை எண் ஆகியவை அவற்றில் இருக்கும்.