மொட்டு முளைத்த பல்: பற்கூழ் மருத்துவ வரலாற்றில் மலாயாவின் பங்கு

மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே ஜொகூரில் குடிநீருடன் புளோரைடு சேர்க்கும் முறையும் தொடங்கியது. மலாயாவில் அதுவே முதல் முயற்சி. நாடு தழுவிய கொள்கையாக அமைச்சரவை அதனை ஏற்றது 1972இல்தான். பத்து இலட்சம் பங்கு நீருக்கு 0.7 பங்கு என்றிருந்த அளவு, 2005இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. பல் நலம் குறித்து நம் மாநிலத்தில் பேசுவோர் இச்செய்தியைப் பெருமையுடன் கூறுவர்; கூறத் தக்கதே. எனினும் நாம் இங்கு எடுத்துக்கொள்வது, புளோரைடு காக்க இயலாத ஒரு பல்லின் வரலாறு. சொத்தையின் சுவடே இன்றி உள்ளிருந்து சாகும் பல் அது. அதற்குப் பெயர் கிடைத்ததும், அதன் உள்ளமைப்பு விளக்கம் பெற்றதும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய பல் மருத்துவர்களால். அரை நூற்றாண்டு கழித்து, இறந்துபோன பற்கூழின் இடத்தில் மீண்டும் உயிருள்ள திசுவை வளர்க்கக் கூடுமா என்று உலகம் ஆராய்ந்தபோது, முதற்சோதனைகளுள் குறிப்பிடத்தக்க சில இதே வகைப் பல்லில்தான் நிகழ்ந்தன.

பற்கூழ் என்பது யாது என்று முதலில் தெளிவோம். வெளியே வெண்மையாகத் தெரியும் பற்சிப்பியில் உயிரணுக்கள் இல்லை. (இலங்கைப் பாடநூல்கள் இதனை மிளிரி என்று அழகாகக் குறிப்பிடும்.) அதன் அடியில் இருப்பது தந்தினி, எண்ணற்ற நுண்குழல்கள் ஊடுருவிய கடினத் திசு. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவறையிலும் வேரினுள் இறங்கும் கால்வாயிலும் நிறைந்திருப்பதே பற்கூழ். கூழ் என்னும் சொல் நம்மைச் சற்றே ஏமாற்றிவிடுகிறது. குருதிக் குழாய்களும் நரம்புகளும் தந்தினியை உண்டாக்கும் உயிரணுக்களும் ஒழுங்குடன் அமைந்த திசு அது.

கையில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கும். பற்கூழுக்கு அவ்வாறு வீங்க இடமில்லை. சுற்றிலும் கடினமான சுவர். குருதி வந்து மீள வேர்நுனியில் ஒரு சிறு வாயில். அழற்சி மிகும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது, குருதியோட்டம் தடைப்படுகிறது, திசு பகுதி பகுதியாக மடிகிறது. தொடக்கத்தில் குளிர்ந்த நீர் பட்டவுடன் சுரீரென்று கூசி உடனே அடங்கிவிடும். அந்நிலையில் காரணத்தை நீக்கினால் கூழ் தேறிவிடும். எத்தூண்டுதலும் இன்றி இரவில் எழுந்து நெடுநேரம் நீடிக்கும் வலி, அழற்சி மீளாத நிலையை எட்டியதற்கு அறிகுறி. பின்பு ஒருநாள் வலி தானே நின்றுவிடக் கூடும். நலமாகிவிட்டது என்று வீட்டார் மகிழ்வர். கூழ் இறந்துபோனதால் வந்த அமைதியாகவும் அது இருக்கலாம்.

வளர்ந்தவருக்கு இது நேர்ந்தால் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை உண்டு. இறந்த திசுவை அகற்றிக் கால்வாயைத் தூய்மை செய்து அடைத்துவிடலாம். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. ஈற்றைப் பிளந்து பல் வெளிவரும் வேளையில் அதன் வேர் முற்றியிருப்பதில்லை. சுவர் மெல்லியதாகவும், நுனி புனல் போல் அகன்றும் இருக்கும். வேர் வளர்ந்து நுனி மூட மேலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் கூழ் இறந்தால் வேரின் வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். அகன்ற நுனியில் அடைப்புப் பொருள் நில்லாது. மெல்லிய சுவர் பின்னாளில் எளிதில் முறியும்.

இனி மலாயாவுக்கு வருவோம். சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1929இல் பல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறை 1970களின் தொடக்கத்தில் உருவாகும் வரை, தீபகற்பத்திலேயே பல் மருத்துவம் பயில விரும்பியோர்க்கு அதுவே வாயில். 1924இல் திறந்துவைக்கப்பட்ட பாலத்தைக் கடந்தால் ஜொகூர் மாணவருக்கு அது அண்டை ஊர்ப் பள்ளிதான். அங்குப் பேராசிரியராக விளங்கிய ஈ.கே. ட்ராட்மன், பல்லின மக்கள் கூடி வாழும் இந்நிலத்தில் பற்களின் வடிவ வேறுபாடுகளைக் கூர்ந்து நோக்கியவர். மூன்று வேர் கொண்ட கீழ்க் கடைவாய்ப் பற்களைப் பற்றி 1938இலேயே எழுதியிருக்கிறார். மேலைநாட்டுப் பாடநூல் வரைந்து காட்டும் பல்லுக்கும் தம் முன்னே வாய் திறந்து அமர்ந்திருப்பவரின் பல்லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தியவர் என்பதே அவரிடம் நாம் மதிக்க வேண்டிய பண்பு.

சப்பானிய ஆட்சி முடிந்த மறு ஆண்டு, 1946இல், மலாயாப் பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எம்.ஓ. லியோங் என்னும் மருத்துவர் ஒரு விந்தையான பல்லைப் பற்றி எடுத்துரைத்தார். கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே நிற்கும் முன்கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில், நடுவே, சிறு மொட்டுப் போன்ற ஒரு முனைப்பு. வடக்கே எஸ்கிமோவரின் மண்டையோடுகளில் இத்தகைய முனைப்பை 1925இலேயே அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் கண்டிருந்தார் என்பது உண்மை. ஆயினும், இன்னும் பல நாட்டு மருத்துவர் நாவில் வழங்குவது ‘லியோங் முன்கடைவாய்ப் பல்’ என்னும் பெயர்தான். 1949இல் ட்ராட்மன் இதனைப் பற்றிப் பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் எழுதினார். பிறகு சிங்கப்பூரின் எஃப்.ஏ.சி. ஓலர்ஸ் 1956இலும், லீ என்னும் குடும்பப்பெயர் கொண்ட இருவருடன் இணைந்து 1967இலும் இதனை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

ஓலர்ஸ் குழுவின் ஆய்வு நம் கருத்தில் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவர்கள் மொட்டுகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தனர். மொட்டின் மேலே பற்சிப்பி, உள்ளே தந்தினி, அதனுள் பெரும்பாலானவற்றில் பற்கூழின் ஒரு கொம்பும் நீண்டிருந்தது. எதிர்த் தாடையின் பல் வந்து பொருந்தியதும் மொட்டு தேயும் அல்லது மளுக்கென்று முறியும். முறிந்த இடம் ஊசிமுனை அளவே இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒரு மஞ்சள் வட்டம், நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான். கூழ் வரை செல்லும் வழி அதன் வாயிலாகத் திறந்துவிடுகிறது. சொத்தையில்லாப் பல்லின் அடியில் சீழ்க்கட்டி தோன்றும் புதிருக்கு விடை இதுவே.

இம்மொட்டு மலாய், சீன, தாய்லாந்து, சப்பானிய இனத்தாரிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் மிகுதியாகக் காணப்படுவது. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், ஆசிய மக்களுள் நூற்றுக்கு ஓரிருவர் முதல் நால்வர் வரை இருக்கலாம் என்பர். இந்திய வமிசாவளியினரிடம் இது அரிது. அவ்வாறாயின் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். ஜொகூரின் இடைநிலைப்பள்ளி ஆசிரியர் எவரும் ஓரினப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆசிரியர் அல்லர். அரிது என்பதற்கு இல்லை என்பதும் பொருளன்று.

அக்காலத்தில் இப்பல்லுக்குக் கிடைத்த வைத்தியம் பெரும்பாலும் குறடுதான். நாட்டில் பல் மருத்துவர் மிகச் சிலர். பள்ளிப் பிள்ளைகளைக் கவனிக்க நியூசிலாந்து 1921இல் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கியிருந்தது. அம்முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி எழுந்தது. அங்குப் பயின்ற தாதியர் பள்ளி பள்ளியாகச் சென்று சொத்தைகளை அடைத்தனர். அவர்தம் தொண்டு இன்னும் முறையாக எழுதப்படாத ஒரு வரலாறு. அது தனிச் சொற்பொழிவுக்குரியது. ஆனால் வேர் முற்றாத பல்லில் கூழ் இறந்துவிட்டால் அன்று தேர்ந்த மருத்துவருக்கும் வழி தெரியாது.

வழி பல திசைகளிலிருந்து மெல்ல வந்தது. நார்வே நாட்டு நீகோர்-ஓஸ்ட்பி 1961இல் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். தூய்மை செய்த கால்வாயில் வேர்நுனிக்கு அப்பாலிருந்து குருதியை வரவழைத்து உறையவிட்டால், அவ்வுறைவைப் பற்றிக்கொண்டு புதிய திசு உள்ளே வளருமா என்று அவர் சோதித்தார். ஓரளவே வளர்ந்தது, முறை வழக்கத்துக்கு வரவில்லை. 1965இல் அமெரிக்காவில் காகெஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவர் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டு விளைவை நோக்கினர. இயல்பாக வளர்ந்த எலிகளில் கூழ் அழுகி மடிந்தது. நுண்ணுயிர் அறவே இல்லாச் சூழலில் வளர்ந்த எலிகளிலோ கூழ் தன் காயத்தின் மேல் தானே தந்தினிப் பாலம் கட்டிக்கொண்டது. கூழுக்குத் தன்னைச் செப்பனிடும் ஆற்றல் உண்டு, அதைக் கெடுப்பது தொற்றே என்பது அதனால் தெளிவாயிற்று. இதற்கிடையே, 1960களின் நடுவில், கால்சியம் ஹைட்ராக்சைடு கலவையைப் பல மாதங்கள் கால்வாயில் வைத்து வேர்நுனியில் ஒரு கடின அடைப்பை உண்டாக்கும் முறை பரவியது. அது பல பற்களைக் காத்தது உண்மை. ஆனால் வேர் நீளவில்லை, சுவர் தடிக்கவில்லை.

நீகோர்-ஓஸ்ட்பியின் காலத்தில் இல்லாத ஒன்று, கால்வாயைத் தொற்றின்றி ஆக்கும் வல்லமை. சப்பானில் ஹோஷினோவும் உடனாய்வாளரும் 1990களில் மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலந்து அதனைச் சாதித்துக் காட்டினர். 2001இல் சப்பானிய மருத்துவர் இவாயாவும் குழுவினரும் 13 வயதுப் பிள்ளை ஒருவரின் கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லில் நுண்ணுயிர்க்கொல்லி இட்டுத் தொற்றை அகற்றி, கால்வாயை அடைக்காமல் விட்டனர். 5 மாதங்களில் வேர்நுனி மூடத் தொடங்கியது. 30 மாதங்களில் சுவர் தடித்து நுனி முழுதும் மூடிற்று. 2004இல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் பல்லில் மும்மருந்துப் பசையையும் குருதி உறைவையும் சேர்த்து ஒரு செய்முறையை வகுத்தனர். அதுவும் கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லே. 2006இல் தைவானின் சுவேயும் உடனெழுதிய ஹுவாங்கும் வெளியிட்ட கட்டுரையில் விளக்கப்பட்டவை, மொட்டு முறிந்து தொற்றிய முன்கடைவாய்ப் பற்கள். லியோங் 1946இல் சுட்டிக்காட்டிய அதே பல்!

இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சொத்தையால் கூழ் இறக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் வேர் முற்றிவிடும். மொட்டோ பல் முளைத்த சிறிது காலத்திலேயே முறிகிறது. ஆகவே வேர்நுனி அகன்றும், அங்குள்ள இளந்திசு உயிரோடும் இருக்கும் தறுவாயில் கூழை இழப்பது இப்பல்லுக்கு வாய்த்த விதி. அதன் கேடே ஆய்வுக்கு வாய்ப்பாயிற்று.

உள்ளே வளர்ந்தது உண்மையில் பற்கூழ்தானா? நாய்களின் பற்களில் இம்முறையைச் செய்து பின்பு சீவிப் பார்த்த ஆய்வுகள் (2010இல் வெளிவந்த ஒன்று குறிப்பிடத்தக்கது) வேறு விதமாகக் கூறின. சுவரைத் தடிக்கச் செய்தது வேரின் வெளிப்புறக் காரையையும் எலும்பையும் ஒத்த திசு, தந்தினி அன்று. ஆகவே இதற்கு என்ன பெயரிடுவது என்று அறிஞரிடையே நெடிய வழக்கு எழுந்தது. மொழி மன்றத்தார்க்கு இவ்வழக்கு சுவையானது. தமிழில் நாம் மறுவாழ்வு, மீளுருவாக்கம், புத்துயிர்ப்பு என்று கைக்கு வந்த சொல்லை எழுதிவிடுகிறோம். இழந்த திசுவே மீண்டு வருவது மீளுருவாக்கம். இழந்த இடத்தை வேறொரு திசு வந்து நிரப்புவது செப்பனிடுதல். குருதி மட்டும் மீண்டும் பாய்வது குருதி மீளோட்டம். இன்று மருத்துவமனைகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. அதனை முதற்பெயரால் அழைப்பது விளம்பரத்துக்கு உதவுமேயன்றி மாணவருக்கு உதவாது.

முதற்பெயருக்கு உரிய செயலும் தொலைவில் இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஞானப்பல்லின் கூழிலும், 2003இல் விழுந்த பால்பல்லின் கூழிலும் குருத்தணுக்கள் இருப்பதைக் காட்டினர். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பற்கூழின் குருத்தணுக்கள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. 2018இல் சீனாவின் சியான் நகரக் குழுவினர், அடிபட்டு முன்பற்களின் கூழ் இறந்த 40 பேரைச் சேர்த்து ஆய்வு நடத்தினர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அவரவர் பால்பல்லிலிருந்து வளர்த்த குருத்தணுக்களைக் கால்வாயினுள் வைத்து, குருதிக் குழாயும் உணர்வும் உள்ள திசு வளர்ந்ததாக அறிவித்தனர். செலவும் ஆய்வுக்கூட வசதியும் மிகுதியாக வேண்டும் முறை இது. நம் மாவட்டப் பல் மருத்துவ நிலையங்களுக்கு வரக் காலமாகும்.

அதுவரை எளிய வழி ஒன்று உண்டு. மொட்டு முறியுமுன் கண்டால், அதைச் சுற்றிப் பிசின் பூசித் தாங்கல் கொடுப்பார் மருத்துவர். மொட்டு பிசினோடு சேர்ந்து மெல்லத் தேய, உள்ளே கூழ் தானே தந்தினியை இட்டுப் பின்வாங்கிக்கொள்ளும்; வேரும் தடையின்றி முற்றும். பல் முளைத்துச் சில மாதங்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப் பல் முளைப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில்; அதாவது ஐந்தாம், ஆறாம் ஆண்டிலும் படிவம் ஒன்றிலும். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு சொத்தையைத் தேடும்போது, மெல்லும் பரப்பின் நடுவே ஏதேனும் முனைப்போ, மஞ்சள் வட்டமோ இருக்கிறதா என்றும் பார்க்கும்படி ஆசிரியர் கேட்கலாம். சொத்தை ஒன்றும் இல்லை என்று அட்டையில் எழுதப்பட்ட பிள்ளை, சில வாரங்களில் தாடை வீங்கி வகுப்புக்கு வந்தால், வலி அடங்கட்டும் என்று காத்திராமல் பெற்றோரிடம் சொல்லி, அகன்ற வேர்நுனி மூடுமுன் அன்றே அனுப்பிவைக்கலாம்.