நாவலர் கைபட்ட வேதாகமம்

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசாமி கோவில் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போய்விடலாம், 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்துக்கு. கோவிலுக்குப் போகிறவர்கள் ஆறுமுக நாவலரைத் தங்கள் சமயத்தைக் காத்தவர் என்று போற்றுகிறார்கள். ஆலயத்துக்குப் போகிறவர்களில் அவர் பெயரை அறிந்தவர்களே குறைவு. தமிழ் வேதாகமம் ஒன்றை மொழிபெயர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தவர் அதே நாவலர்தான் என்று இரண்டு பக்கத்தாரிடமும் சொல்லியிருக்கிறேன். இருவருமே முதலில் நம்புவதில்லை.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ச் சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா வழியில் யாழ்ப்பாணத்து மெதடிஸ்டுகள்; ரயில்வேயில் கிராணி வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தவர்கள். அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பம். சின்னம்மா ஒரு கத்தோலிக்கரைக் கட்டினார். அதனால் எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று வேதாகமங்கள் சேர்ந்துவிட்டன: ஆத்தாவின் ஃபப்ரீசியஸ் மொழிபெயர்ப்பு, அப்பாவின் ஓ.வி. என்னும் பழைய மொழிபெயர்ப்பு, சின்னம்மா கொடுத்த திருவிவிலியம். வேதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நான் எந்தப் பெரிய கல்லூரியிலும் விடை தேடவில்லை. அந்த மூன்று புத்தகங்களின் முன்பக்கங்களிலிருந்துதான் தொடங்கினேன்.

என் அண்ணன் மகன் சபையை விட்டு விலகிப் பல வருடமாகிறது. பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. கெட்டிக்காரன், நிறைய வாசிப்பவன். ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது கேட்டான்: "மாமி, இது நைசியாவில கான்ஸ்டன்டைன் ராசா வோட்டுப் போட்டு எடுத்த புத்தகம்தானே?" அதே மாதம் வகுப்பில் ஒரு பெரியவர் திருவிவிலியத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். "பாருங்க டீச்சர், 1 யோவான் 5:7-ல பாதியைக் காணோம். கத்தோலிக்கருங்க வெட்டிட்டாங்க." வேதம் ஒரு எழுத்தும் மாறாமல் பரலோகத்திலிருந்து இறங்கி வந்தது என்பது அவருடைய நம்பிக்கை.

விசுவாசிக்கும் விசுவாசத்தை விட்டவனுக்கும் இதில் ஒரே எண்ணம்தான். இந்தப் புத்தகம் ஓர் இடத்தில் ஒரு நாளில் முடிந்துவிட்டது என்று இருவரும் நினைக்கிறார்கள். ஒருவருக்கு அந்த நாள் தேவன் பேசிய நாள். இன்னொருவருக்கு அரசன் ஆணையிட்ட நாள். நடந்தது இரண்டும் இல்லை.

நைசியா சங்கம் 325-இல் கூடியது உண்மை. அது வகுத்த இருபது விதிகளில் எந்தப் புத்தகம் வேதத்தில் சேரும் என்று ஒரு விதியும் இல்லை. இன்று நம் புதிய ஏற்பாட்டில் இருக்கும் 27 புத்தகங்களை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் வரிசைப்படுத்திய மிகப் பழைய பட்டியல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய ஈஸ்டர் கடிதம். அதற்கு முன்பு எபிரெயர் நிருபத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் ஏற்பதா வேண்டாமா என்று சபைகள் தலைமுறை தலைமுறையாக வழக்காடின. அந்த வழக்கு அப்போதும் முழுதாக ஓயவில்லை. 1522-இல் லுத்தர் தம் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் நான்கையும் கடைசியில் தனியாக வைத்தார். ஆத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் அதிர்ந்திருப்பார். அவருக்கு லுத்தர் பேச்சு வேதவாக்குப் போல.

பெரியவரின் 1 யோவான் 5:7-க்கு வருகிறேன். இதை வகுப்பில் இரண்டு வாரம் பேசினோம், பேசத் தகுந்ததுதான். பிதா, குமாரன், ஆவி மூவரும் பரலோகத்தில் சாட்சி சொல்வதாக வரும் அந்தப் பகுதி பழைய கிரேக்கச் சுவடிகளில் கிடையாது. லத்தீன் மரபில் ஊறி வந்தது. எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, 1522-இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அதன் வழியில் வந்த கிரேக்கப் பாடத்தையே புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று நூற்றாண்டுக்கு மேல் பின்பற்றினார்கள். நம் ஓ.வி.யிலும் அது அப்படியே வந்தது. கத்தோலிக்கர் வெட்டினார்கள் என்று சொன்ன பெரியவருக்கு நான் காட்டியது இதுதான்: அந்த வரியை நூற்றாண்டுகளாகக் காத்து வந்ததே கத்தோலிக்க லத்தீன் வேதம். பிற்காலத்தில் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அது மூலத்தில் இல்லை என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்போ திரித்துவம் இல்லையா?" திரித்துவம் அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை என்று சொன்னேன். நைசியாவில் கூடியவர்கள் அந்த வரியைக் காட்டி வாதாடவே இல்லை.

மருமகனுக்கும் ஒன்று காட்டினேன். 1947 முதல் சவக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஏசாயா முழுதாக இருக்கிறது. அதுவரை கையில் இருந்த எபிரெயச் சுவடிகளைவிட அது சுமார் ஆயிரம் ஆண்டு மூத்தது. ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டிலும் சொல்லிலும் நிறைய வேறுபாடு உண்டு. ஆனாலும் அது நாம் வாசிக்கும் அதே ஏசாயாதான். "ஆளாளுக்கு மாத்தி எழுதினது" என்ற அவன் பேச்சு அதற்குப் பிறகு குறைந்தது.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்துக் கதை என்றுதான் இருவரும் கேட்டார்கள். வேதம் எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அலமாரியில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களே போதும்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதத் தொடங்கி 1711-இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. கையிருந்த காகிதம் போதாது. பொறையாறில் சின்ன எழுத்து வார்த்து 1714-இல் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் போனபோது, 1719-இல் அவர் காலமானார். மீதியை அவருக்குப் பின் வந்த ஷுல்ட்ஸ் முடித்தார், 1728-இல். அந்தத் தமிழைப் படித்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் லுத்தரன்களைக் கடிந்து நூலே எழுதினார். பிறகு வேப்பேரியில் ஃபப்ரீசியஸ். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. சீயோன் ஆலயத்தைக் கட்டியவர்களின் பாட்டன் பூட்டன் நாவில் தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் ஊறிய வேதம் அதுதான்.

பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற மிஷனரி அதைத் திருத்தி, தமிழ் ஓட்டத்துக்குக் கொண்டுவர முனைந்தார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பொங்கி எழுந்தார். ஆயுள் முழுக்கக் கற்ற பாடத்தில் புதிதாக வந்தவர்கள் கைவைப்பதா என்று எதிர்த்து எழுதினார். அவர் பக்கம் நின்ற சாதாரண விசுவாசிகள் இருந்தார்கள். எந்தப் பதிப்பு, யார் திருத்தியது, எதை மாற்றினார்கள் என்பது 1820-களில் தஞ்சாவூர்ச் சபையில் வீட்டுத் திண்ணைப் பேச்சு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்துச் சபைக்கு இருந்த அந்த அக்கறை, ஆளுக்கொரு பட்டம் வாங்கிய நம் சபைகளில் இல்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

இனி நாவலர். 1822-இல் நல்லூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கத் துணிந்தபோது கூட உட்கார்ந்தவர் இந்தச் சைவ இளைஞர். இருவரும் சென்னைக்குப் போனதையும், அங்கே மழவை மகாலிங்கையர் அந்தத் தமிழைப் பார்த்து மெச்சியதையும் நாவலர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1848-இல் நாவலர் மிஷன் வேலையை விட்டார். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் உழைத்த வேதாகமம் 1850-இல் சென்னையில் அச்சேறியது. மிஷன்கள் அதைப் பொதுப் பாடமாக ஏற்கவில்லை. தற்காலிகப் பதிப்பு என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

வேதத்தை வரிவரியாகத் தமிழாக்கிய அனுபவம் அவரைக் கிறிஸ்தவராக்கவில்லை. ஆனால் அவர் அதை மறக்கவும் இல்லை. 1854-இல் எழுதிய சைவ தூஷண பரிகாரத்தில், சைவர்களின் கோவிலையும் தீபதூபத்தையும் பலியையும் திருவிழாவையும் பழித்த பாதிரியார்களுக்கு அவர்களுடைய வேதத்தைக் கொண்டே பதில் சொன்னார். ஆசரிப்புக் கூடாரம், உடன்படிக்கைப் பெட்டி, தூபபீடம், ஆசாரியரின் உடை என்று யாத்திராகமமும் லேவியராகமமும் அவர் விரல் நுனியில் இருந்தன. என் வகுப்பில் லேவியராகமம் என்றாலே பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நம்பாத ஒருவர் அதை அவ்வளவு உற்றுப் படித்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் நானும் அந்தப் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

பிறகு தமிழகத்து மிஷன்களும் யாழ்ப்பாணத்தாரும் சேர்ந்து ஏற்கத்தக்க ஒரு பதிப்பு வேண்டும் என்று குழு அமைந்தது. ஹென்றி பவர் தலைமையில், ஃபப்ரீசியஸின் பாடத்தை அடித்தளமாக வைத்து, மற்றவற்றையும் ஒப்பிட்டுச் செய்தார்கள். முத்தையா பிள்ளை என்ற தமிழறிஞர் பவருக்குத் துணை. 1871-இல் முழு வேதாகமம் வந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஞாயிறு காலையில் கையில் எடுத்துப் போகும் ஓ.வி. இதுதான். அதற்கு முன்னே நூற்றைம்பது ஆண்டுத் திருத்தமும் சண்டையும் இருக்கின்றன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் கூடி உட்கார்ந்து ஒரே பாடத்தைச் செய்ய 1995 வரை ஆனது. அதுவே சின்னம்மா கொடுத்த திருவிவிலியம்.

நம் நாட்டு மலாய் வேதாகமத்தின் கதையும் இப்படித்தான். 2014 ஜனவரியில் பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய வேதாகமச் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து சிலாங்கூர் சமய இலாகா முந்நூறுக்கும் மேற்பட்ட மலாய், ஈபான் வேதாகமங்களை எடுத்துச் சென்றபோது சபையெங்கும் அதே பேச்சு. மலாய் வேதம் ஏதோ இப்போது கிளம்பிய விஷயம் என்று நம்மவர்களே பேசினார்கள். ரூயில் என்ற டச்சு வணிகர் மலாயில் பெயர்த்த மத்தேயு 1629-இல் அச்சானது. தரங்கம்பாடி மத்தேயுவுக்கு 85 ஆண்டு மூத்தது.

நம்பிக்கையை விட்டவர்களுக்குத்தான் வேதம் அதிகம் தெரியும் என்று மருமகன் அமெரிக்க ஆய்வு ஒன்றைக் காட்டினான். 2010-இல் பியூ மையம் சமய அறிவு பற்றிக் கேட்ட 32 கேள்விகளில் நாத்திகரும் கடவுள் பற்றி முடிவு சொல்லாதவர்களும் சராசரி 20.9 சரியாகச் சொல்லி முதலிடம் பெற்றது உண்மை. முழு அறிக்கையையும் பிரித்துப் பார்த்தோம். வேதாகமமும் கிறிஸ்தவமும் பற்றிய 12 கேள்விகளில் மட்டும் மோர்மன்கள் 7.9, வெள்ளை எவாஞ்சலிக்கர்கள் 7.3, நாத்திகர் தரப்பு 6.7. விசுவாசிகள் முந்தியிருக்கிறார்கள் என்று நான் மகிழவில்லை. எந்தத் தரப்பின் சராசரியும் பன்னிரண்டில் எட்டைத் தொடவில்லை. அதோடு, வேதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிவது வேறு, அது எந்தக் கைகள் வழியாக வந்தது என்று தெரிவது வேறு.

நானும் அவனும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இத்தனை மனிதக் கை பட்டால் அது மனிதப் புத்தகம்தான் என்கிறான். இத்தனை கை பட்டும், ஊர்விட்டு ஊர் வந்தும், எங்கள் ஆத்தாவைத் துக்கத்தில் தாங்கிய புத்தகம் அது என்கிறேன் நான். ஆனால் இப்போது அவன் கேட்கும் கேள்விகள் வேறு. சைவ தூஷண பரிகாரத்தை வாங்கி வாசித்துவிட்டான். போன மாதம் கேட்டது இது: ஷுல்ட்ஸின் 1728 பதிப்பில் தள்ளுபடியாகமங்கள் என்று நாம் ஒதுக்கும் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் தமிழில் அச்சாகியிருக்கிறதே, 1871-இல் ஏன் காணோம்?

நல்ல கேள்வி. லுத்தரன் மரபு அவற்றை வேதத்துக்குச் சமமாக எண்ணாவிட்டாலும் படிக்க உகந்தவை என்று சேர்த்தே அச்சிட்டது. வேதாகமங்களுக்குப் பணம் கொடுத்த பிரிட்டிஷ் வெளிநாட்டு வேதாகமச் சங்கத்துக்குள் அவற்றைப் பற்றிப் பெரிய தகராறு எழுந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1826 முதல் அவற்றைச் சேர்த்த பதிப்புகளுக்குச் சங்கம் காசு கொடுப்பதில்லை என்று முடிவானது. சங்கத்தின் ஆதரவில் வந்த தமிழ்ப் பதிப்புகளிலும் அவை இடம்பெறவில்லை. இதை வகுப்பில் சொன்னபோது, அன்றைக்கு 1 யோவானைக் காட்டிய அதே பெரியவர்தான் முதலில் பேசினார்: "அப்போ அதையும் ஒருதரம் வாசிச்சுடுவோம் டீச்சர்." திருவிவிலியத்திலிருந்து தோபித்து தொடங்கியிருக்கிறோம். நான்காம் அதிகாரம் வந்திருக்கிறது.