கூடப் போனவர், வீட்டில் இருந்தவர்

விருதுநகர் மாவட்டத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் பயணக் கதை ஒன்று உண்டு. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். சில மாதங்கள் தங்கி, கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழையை நம்ப முடியாத கரிசல் சீமையில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று பெருந்தொழில்கள் வளர அந்தப் பயணம் வழிதிறந்தது. துணிச்சலான பயணம்தான். ஆனால் அந்த மாதங்களில் அவர்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தவர்கள் யார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்று அந்தக் கதை சொல்வதில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

பிறகு வளர்ந்த தொழிலில் குச்சி அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். அவர்களுக்கும் பயணம் உண்டு. விடியும் முன்னே ஊர் முக்கில் வந்து நிற்கும் பேருந்தில் ஏறி ‘தீப்பெட்டி ஆபீஸ்’ போய்த் திரும்புவது. இதைத் தாண்டினால் இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி. இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக அந்த மலையை ஏறி இறங்கும் பெண்களின் கால் வலுவைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாது. கூலிக்காகப் போகலாம், சாமிக்காகப் போகலாம். ‘எனக்கு மலை ஏறப் பிடிக்கும்’ என்பதற்காகப் போக முடியுமா என்பதுதான் கேள்வி.

பிடித்ததற்காகவே சேர்ந்து கிளம்பிய ஒரு தம்பதி இந்தியாவுக்கு வந்ததுண்டு. அமெரிக்கர்களான ஃபேனி புல்லக் வொர்க்மனும் அவர் கணவர் வில்லியமும் 1890களின் கடைசி ஆண்டுகளில் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயத்தை நோக்கிச் சைக்கிளில் பயணம் செய்தார்கள். அன்றைய சாலைகளில் டயர் பஞ்சர் ஒட்டுவதே ஒரு நாள் வேலை. பிறகு காரகோரம் மலைகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். ஓர் ஆண்டு ஒருவர் ஏற்பாடுகளைக் கவனித்தால், அடுத்த ஆண்டு மற்றவர் கவனிப்பார். 1906இல் ஃபேனி ஏறிய உயரம் ஏறத்தாழ 6,930 மீட்டர். பெண்களில் அது அன்றைய சாதனை. 1912இல் சியாச்சின் பனிப்பரப்பில், ‘பெண்களுக்கு ஓட்டுரிமை’ என்ற முழக்கத்தைத் தாங்கிய தாளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட தோழமை எப்படிச் சாத்தியமாயிற்று? ஃபேனி ஒரு மாநில ஆளுநரின் மகள், பணத்துக்குக் குறைவில்லை. குழந்தை வளர்ப்பைத் தாதியரும் விடுதிப் பள்ளியும் பார்த்துக்கொண்டார்கள். மலையில் மூட்டைகளை உள்ளூர்ச் சுமைகூலிகள் தூக்கினார்கள்; அவர்களைப் பற்றித் தம்பதியின் புத்தகங்களில் குறைகளே மிகுதி. இருவருக்கிடையே இருந்த சமத்துவத்தை வேறு பலர் சுமந்தார்கள்.

விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண் அவர்தான். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர். செலவு இலட்சக்கணக்கில் என்பதால் தமிழக அரசின் நிதியுதவியும் நன்கொடைகளும் தேவைப்பட்டன. செய்திகள் அவரை ‘இரண்டு குழந்தைகளின் தாய்’ என்று கொண்டாடின. பாராட்டுத்தான். ஆனால் மலை ஏறும் ஆணை ‘இரண்டு குழந்தைகளின் தந்தை’ என்று தலைப்பிட்டு வியக்கும் வழக்கம் நம் பத்திரிகைகளுக்கு இல்லை. அந்தப் பாராட்டுக்குள், பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போனாய் என்ற பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது.

முத்தமிழ்ச்செல்வி கற்பிக்கும் மொழிக்குரிய நாட்டில் இதே கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன் நேரடியாகவே கேட்கப்பட்டது. எவரெஸ்ட் ஏறிய உலகின் முதல் பெண்ணான ஜுன்கோ தபெய், 1975 பயணத்துக்கு நிதி திரட்டியபோது, பெண்கள் வீட்டில் பிள்ளை வளர்க்கவேண்டியவர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவருக்குச் சிறு மகள் இருந்தாள். கணவர் மசனோபுவும் மலையேறுபவர். இருவரும் சந்தித்துக்கொண்டதே மலையில்தான். அந்த முறை அவர் உடன் செல்லவில்லை. மகளோடு வீட்டில் இருந்தார். மே 4ஆம் தேதி பனிச்சரிவில் புதைந்து மீட்கப்பட்ட ஜுன்கோ, பன்னிரண்டே நாளில் உச்சியில் நின்றார். முதல் பெண் என்பதைவிட, எவரெஸ்ட் ஏறிய 36ஆவது ஆளாக நினைக்கப்படுவதையே அவர் விரும்பினார்.

கூடவே மலை ஏறிய கணவர் ஒருவர். ஏறாமல் வீட்டில் இருந்த கணவர் ஒருவர். பயணத்தில் அதிகம் பங்கெடுத்தவர் இவர்களில் யார்? ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் படம் அழகானது. ஆனால் பெண்களில் பலருக்கு அந்தக் கயிறு அறுந்துபோகும் இடம் மலையடிவாரம்கூட இல்லை, வீட்டு வாசல்படி. சோறு யார் வடிப்பது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு யார் விழித்திருப்பது, ஒரு நாள் போகாவிட்டால் போய்விடும் கூலியை எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்பவை தீராதவரை, சேர்ந்து ஊர் சுற்றுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே இருக்கும்.

கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊர்கள் நம்முடையவை. யார் முறை என்று அங்கே சண்டை போட்டாவது கேட்டு வாங்கிவிடுவோம். வீட்டுப் பொறுப்பிலும் கிளம்பிப் போவதிலும் இது யார் முறை என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1922இல் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் ஒருத்தி இருந்திருந்தால், அவள் பெயரும் நமக்குத் தெரிந்திருக்கும்.