பதக்கத்தில் பாயும் சிங்கம்

மல்லாந்து வீழ்ந்து கிடக்கிறது புலி. அதன் மீது பாய்ந்து நிற்கிறது சிங்கம். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய கிழக்கிந்தியக் கும்பெனி, அவ்வெற்றியைப் போற்ற அடிப்பித்த பதக்கத்தின் ஒரு முகம் இது. பர்மிங்காம் அருகே மாத்யூ போல்டனின் சோகோ அக்கசாலையில், கூஷ்லர் என்னும் கலைஞர் செதுக்கிய அச்சு. மறுமுகத்தில் நகரும் போரும்: கோட்டை, மதிலில் உடைப்பு, அதை நோக்கி விரையும் படை, மேலே நண்பகல் ஞாயிறு.

கோவைச் சீமை கும்பெனியின் ஆளுகைக்குப் போனது இப்போரின் முடிவில்தான். ஆகவே பெரியநாயக்கன்பாளையத்தில் வாழும் நமக்கு இது அயலார் வீட்டு அணிகலன் அன்று. நம்மைக் கைமாற்றிய சாசனத்தின் முத்திரை!

நகர முற்றுகையைச் செதுக்கும்போது விலங்குகளையும் தேவதைகளையும் சேர்த்து, வெற்றிக்கு விண்ணுலகச் சான்றிதழ் வழங்குவது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரின் வழக்கம். அம்மரபின் பிள்ளைதான் இப்பதக்கம். சிங்கம் ஆங்கிலேயர், புலி திப்பு என்பதைச் சிறுவனும் சொல்லிவிடுவான். அரியணையிலும் படையுடையிலும் பீரங்கி வாயிலும் புலியை வைத்தவரன்றோ திப்பு!

சூது படத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. சிங்கத்துக்கு மேலுள்ள கொடியில் அரபு வாசகம்: இறைவனின் சிங்கமே வெல்வது. நபிகளின் மருமகனார் அலியைக் குறிக்கும் இத்தொடரைத் தம் படைக்கலங்களில் புலிமுக வடிவில் பொறித்தவர் திப்பு. மறுமுகத்துப் பாரசீக வாசகமோ இப்பட்டணத்தை இறைவன் தந்தான் என்கிறது. 'இறைவன் தந்த அரசு' என்பதே திப்பு தம் ஆட்சிக்குச் சூட்டிய பெயர்! நகரைப் பறித்தவர்கள் அவருடைய சொற்களையும் பறித்தனர். அவர் தொழுத கடவுளையும் கட்சி மாற்றிவிட்டனர்.

கடவுள் தந்தாராம்! மதிலைத் துளைத்தவை பீரங்கிகள். படை கடந்து சென்றது, கோடையில் நீர் குறைந்திருந்த காவிரி. மழை வந்து ஆறு பெருகுமுன் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் தளபதிகளுக்கு இருந்தது. வெயிலின் கடுமையில் காவலர் ஓய்ந்திருப்பர் என்று கணக்கிட்டே பகல் ஒரு மணியளவில் தாக்கினர். அதனாலன்றோ பதக்கத்தில் உச்சி ஞாயிறு! வாசகம் வரத்தைப் பாடுகிறது. அதன் அருகிலேயே படம் கணக்கைக் காட்டிக் கொடுக்கிறது.

உலோகத்தையும் படித்தாக வேண்டும். உயர்தளபதிகளுக்குப் பொன். அடுத்த படியினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. அதற்கும் கீழே வெள்ளி, வெண்கலம் என இறங்கி, வெள்ளையரில் கடைநிலை வீரனுக்கும் நம் நாட்டுச் சிப்பாய்க்கும் வெள்ளீயம்! வருணப் படிக்கட்டைக் கண்டு பழகிய நாட்டிலே இதற்கு உரை வேண்டுமா? சிங்கம் அதே சிங்கம்தான், வாசகமும் அதே வாசகம்தான். சென்னைப் படையில் சேர்ந்து, அரபோ பாரசீகமோ கல்லாமல், அந்த ஈயத் துண்டைப் பெற்ற தமிழ்ச் சிப்பாய்க்கு அதில் விளங்கியிருக்கக் கூடியவை அவ்விரு விலங்குகள் மட்டுமே.